‘ஒரு நலம் விரும்பி’ யார்? காரைக்கால் சைகோன் அம்மாவைப் பற்றி

2024 பிப்ரவரி 3, வாசகி ஒருவரின் கேள்வி

காரைக்கால் பக்கம் நான் படித்த பள்ளிக்கூடத்தில், பெண் பிள்ளைகளுக்கான கழிப்பறைச் சுவரில் ஒரு கல் பதித்திருக்கும். “உபயம்: ஒரு நலம் விரும்பி” என்று மட்டும் வெட்டியிருக்கும், பெயர் கிடையாது. அது பிராந்திக் கடை வைத்திருந்த சைகோன் அம்மா கட்டிக் கொடுத்தது என்று இப்போது சொல்கிறார்கள். உண்மையா? உண்மையென்றால் எனக்கு மனசு ஒப்பவில்லை. ஊர் ஆம்பிளைகளைக் குடிக்க வைத்துச் சம்பாதித்த காசில் கழிப்பறை கட்டிவிட்டால் அது சேவையாகிவிடுமா?

பிப்ரவரி 3, இரவு

உண்மைதான். அந்தக் கடையின் பின்சந்தில்தான் நான் வளர்ந்தேன். கல் பதித்தது 1996-இல். பெயர் போட வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. “பணம் வாங்கிக்கொள்கிறோம், பெயர் போட முடியாது, பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்” என்று பள்ளியில் சொன்னார்கள். “சரி, தண்ணி வர்ற மாதிரி கட்டுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். இது அம்மா சொல்லிக் கேட்டது. அம்மாதான் அவருக்குத் துணையாகப் போனாள்.

உங்கள் இன்னொரு கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. என் அப்பா அந்தக் கடையில் குடித்தவர். நிதானமாக எழுதுகிறேன்.

பிப்ரவரி 4

முதலில் அவர் யார் என்று சொல்லிவிடுகிறேன். இளம் பிள்ளைகளுக்கு ‘சைகோன்’ என்ற சொல்லே புதிதாக இருக்கும். வியட்நாமில் இருக்கிற பெரிய நகரம் அது, இன்றைக்கு ஹோ சி மின் நகரம் என்கிறார்கள்.

பிரெஞ்சுக்காரர் காலத்தில் காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் கப்பலேறி வியட்நாமுக்குப் போனவர்கள் ஏராளம். அதுவும் பிரெஞ்சுக்காரர் ஆண்ட மண் என்பதால் போலீஸ், சுங்கம், வரி வசூல் என்று நம்மவர்களுக்கு அங்கே வேலை கிடைத்தது. முஸ்லிம்கள் துணிக்கடை வைத்தார்கள். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வட்டிக்கடை நடத்தினார்கள். சைகோனில் இன்றைக்கும் மாரியம்மன் கோவில் இருக்கிறது, வியட்நாம்காரர்களே வந்து ஊதுபத்தி ஏற்றிக் கும்பிடுகிறார்கள். போன இடத்தில் பலர் அந்த ஊர்ப் பெண்களைக் கல்யாணம் செய்துகொண்டார்கள். சைகோன் அம்மாவின் வீட்டுக்காரரும் அப்படித்தான். துறைமுகத்தில் கணக்கு எழுதியவர்.

1975 ஏப்ரல் 30-இல் சைகோன் வட வியட்நாம் படையிடம் விழுந்தது. அடுத்த வருடம் இரண்டு பெட்டியோடும் ஒரு பையனோடும் காரைக்கால் வந்து இறங்கினார்கள். அந்த அம்மாவுக்கு அப்போது தமிழ் தெரியாது. பிரெஞ்சு கொஞ்சம் தெரியும். அதை வைத்துத்தான் பென்ஷன் வாங்கும் பழைய சொல்தாக்களோடு, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களோடு, பேசுவாராம்.

ஏன் பிராந்திக் கடை? அப்போது தமிழ்நாட்டில் மதுவிலக்கு. 1971-இல் எடுத்தார்கள், 1974-இல் திரும்பக் கொண்டுவந்தார்கள், பிறகு 1981-இல் மறுபடியும் எடுத்தார்கள். காரைக்காலுக்கு ஒரு பக்கம் கடல், மற்ற மூன்று பக்கமும் பழைய தஞ்சாவூர் ஜில்லா. அந்த ஜில்லா முழுக்கக் கடை மூடிக் கிடந்தபோது இங்கே மட்டும் திறந்திருந்தது. நாகூரிலிருந்து வாஞ்சூர் வழியாகவும், நன்னிலம் பக்கமிருந்து அம்பகரத்தூர் வழியாகவும், தரங்கம்பாடியிலிருந்து நண்டலாறு தாண்டியும் ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். கையில் கொஞ்சம் காசோடு ஊர் திரும்பியவர்களுக்கு அது ஒரு நல்ல தொழிலாகத் தெரிந்திருக்கிறது. 1977-இல் வீட்டுக்காரர் கடை திறந்தார். 1983-இல் அவர் செத்துப்போனார். கடையை அந்த அம்மாவே நடத்த ஆரம்பித்தார். கல்லாவில் ஒரு பொம்பிளை உட்கார்ந்ததை வேடிக்கை பார்க்கவே கூட்டம் வந்ததாம்.

பிப்ரவரி 4, மாலை

பெயரை ஏன் எழுதவில்லை என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பையன் பாரிஸ் பக்கம் குடும்பத்தோடு இருக்கிறார். பெயர் வேண்டாம் என்றார், அதனால் எழுதவில்லை. ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததும் இல்லை. எல்லோருக்கும் சைகோன் அம்மா. எல்லோரும் அவருக்குக் ‘கண்ணு’. எழுபது வயதுக் கிழவரையும் “என்ன கண்ணு, சாப்டியா” என்பார். ழகரம் கடைசிவரை வரவில்லை. வாழைப்பழம் அவருக்கு ‘வாலப்பலம்’தான்.

பிப்ரவரி 6

ஆணிப் பலகையைப் பற்றிச் சொல்லாமல் அந்தக் கடையைப் பற்றிச் சொல்ல முடியாது.

கல்லாவுக்குப் பின்னால் சுவரில் ஒரு பலாப் பலகை. இரண்டு வரிசையாக ஆணிகள். ஒவ்வொரு ஆணிக்கும் மேல் சிவப்பு பெயிண்டில் ஒரு குறி இருக்கும்: மீன், நெற்கதிர், குடை, வண்டிச் சக்கரம். படிக்கத் தெரியாதவர்களுக்காக அந்தக் குறிகள். உள்ளே வருகிறவர் சைக்கிளைப் பூட்டிச் சாவியை அவரிடம் கொடுக்க வேண்டும். சாவி ஆணியில் தொங்கினால்தான் கிளாஸ் வரும். போகும்போது நேராக நின்று, கை நடுங்காமல் அந்தச் சாவியைத் தன் ஆணியிலிருந்து தானே எடுக்க வேண்டும். தவறான ஆணியில் கை போனால் சாவி கிடையாது. திண்ணையில் பாய் விரித்திருக்கும், படுத்துவிட்டுக் காலையில் போகலாம். பின்னாளில் டிவிஎஸ் 50 வந்தபோதும் இதே சட்டம்தான்.

அப்பாவின் ஆணி நெற்கதிர். நிரவி பக்கம் வயல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

பலகைக்குக் கீழே ஒரு தகரத்தில் எழுதியிருக்கும்: “குடிக்குக் கடன் இல்லை. சோத்துக்கு உண்டு.” 2002-லும் 2003-லும் மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறக்கவில்லை. கடைமடையில் இருக்கிற நமக்குக் குறுவை என்பதே இல்லாமல் போனது. வயல் வேலை இல்லை, கூலி இல்லை. அந்த இரண்டு வருடமும் மத்தியானத்தில் அந்தக் கடையில் குடிக்க வந்தவர்களைவிடச் சாப்பிட வந்தவர்கள்தான் அதிகம். சோறு, மீன் குழம்பு, ஒரு துவையல். நோட்டில் எழுதிக்கொள்வார். எத்தனை பேர் திருப்பிக் கொடுத்தார்களோ, அவர் யாரையும் கேட்டதில்லை.

பிப்ரவரி 6, இன்னொன்று

நோட்டு என்றதும் நினைவு வந்தது. நீளமான கணக்கு நோட்டு. நம்மவர் பெயர்களைத் தமிழில் எழுத அவருக்கு வராது. வியட்நாம் எழுத்தில், தலைமேலும் காலடியிலும் சின்னச் சின்னக் கோடும் புள்ளியும் போட்டு எழுதுவார். முனுசாமி, கலியபெருமாள் என்ற பெயர்களெல்லாம் அந்த எழுத்தில் இருந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னவோ போல் இருக்கிறது.

அதில் இன்னொரு கணக்கும் உண்டு. சனிக்கிழமை கூலி நாள். வாங்கிய கூலியோடு நேராகக் கடைக்கு வருகிறவர்களிடம் பாதியை முதலில் வாங்கிக் கல்லாவுக்கு அடியில் இருந்த பிஸ்கட் டப்பாவில் போட்டுவிடுவார். ஞாயிறு காலையில் பெண்டாட்டிமார் பின்கட்டு வழியாக வந்து வாங்கிக்கொள்வார்கள். அம்மாவோடு நானும் போவேன். என் கையில் ஒரு கல்கண்டு வைப்பார்.

பிப்ரவரி 10

நேற்று தை அமாவாசை, அரசலாற்றங்கரையில் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுத்துவிட்டு வந்தேன். இன்றைக்கு வியட்நாம்காரர்களுக்கு வருடப்பிறப்பு, தேத் என்பார்கள். பெரும்பாலும் நம் தை அமாவாசையை ஒட்டியே வரும். அவரும் முன்னோர்களுக்குத்தான் படைப்பார்.

அன்றைக்குக் கடை மூடியிருக்கும். முதல் நாளே வாழைக்கட்டையோடு இலை வந்து இறங்கும். பசைப்பிடிப்பான அரிசியும் பாசிப்பருப்பும் சேர்த்து, வாழையிலையில் உருளையாகச் சுருட்டி, வாழைநாரால் இறுக்கிக் கட்டி, அண்டாவில் ராத்திரி முழுக்க வேகவைப்பார். அவர் ஊரில் நடுவில் பன்றிக்கறி வைப்பார்களாம். சந்தில் முஸ்லிம் வீடுகளும் சைவ வீடுகளும் இருந்ததால் எங்களுக்குத் தருவதில் கறி இருக்காது. நூலைப் பல்லில் கடித்துப் பிடித்து, மறுமுனையால் அந்த உருளையை வட்டம் வட்டமாக அறுத்துத் தருவார். நான் சாப்பிட்டபோது வெண்பொங்கல்தான் கெட்டியாகிவிட்டது என்று நினைத்தேன். வெளியே இலைப் பச்சை ஏறி, உள்ளே மஞ்சளாக இருக்கும். அந்த வாசனை வேறு எதிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

பிப்ரவரி 11

சாப்பாடு என்று ஆரம்பித்ததும் ஆளாளுக்கு நினைவு வருகிறது போலிருக்கிறது, நல்லது. மொட்டைமாடியில் ஜாடி ஜாடியாக மீன் ஊறப்போடுவாராமே என்று கேட்டிருக்கிறார்கள். ஆமாம், உண்மைதான். நெத்திலியையும் உப்பையும் மாற்றி மாற்றி அடுக்கி, மேலே கல் வைத்து, மாதக்கணக்கில் ஊறவிட்டு மீன் சாறு இறக்குவார். சித்திரை வெயிலில் சந்து முழுக்க நாறும். பக்கத்து வீட்டு மாமி வந்து சண்டை போட்டிருக்கிறார். அந்த மாமியே பின்னாளில் பிள்ளை கையில் கிண்ணத்தைக் கொடுத்து அனுப்பி, சைகோன் அம்மா சுட்ட நெம் (உள்ளே பூரணம் வைத்துச் சுருட்டிப் பொரிக்கிற வியட்நாம் பலகாரம்) கேட்டு வாங்கினார், காய்கறி மட்டும் வைத்தது. (மாமி படித்தால் சிரித்துக்கொள்ளட்டும், எனக்குப் பிரியம்தான்.)

ஆனால் அந்த ஜாடிகளுக்கு இன்னொரு பக்கம் உண்டு. வலையில் நெத்திலி அதிகமாக விழுகிற நாளில் அதற்கு விலையே இருக்காது. காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு பெண்கள் கூடையோடு எங்கெங்கோ அலைந்துவிட்டு, பொழுது சாயக் கடைசியில் அவரிடம்தான் வருவார்கள். மீதி எவ்வளவு இருந்தாலும் எடுத்துக்கொள்வார். நாளைக்கு வா என்று சொன்னதில்லை.

பிப்ரவரி 11, இரவு

திருத்தம் இரண்டு. அம்மாவுக்கு எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன்.

ஒன்று, கல் பதித்தது 1996 இல்லையாம், அதற்கு முன்பே என்கிறாள். பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

இரண்டு, டப்பாக் கணக்கு. எல்லோரிடமும் பாதி வாங்கவில்லையாம். “எவ்வளவு எடுத்து வைக்கணும்னு பொம்பிளைங்கதான் சொல்லுவோம். ஸ்கூல் தொறக்கிற மாசம்னா முக்காவாசி. எங்க வீட்டுக்குச் சொன்னது முப்பது ரூபா” என்றாள். ஆக அந்தக் கணக்கை நடத்தியது எங்கள் சந்துப் பெண்கள். சைகோன் அம்மா காவல் இருந்திருக்கிறார்.

பிப்ரவரி 17

முதலில் கேட்ட வாசகி மறுபடி எழுதியிருக்கிறார்: “வாங்க வேண்டிய கூலியில் பாதியைக் குடிக்க வைத்துவிட்டு மீதியைப் பத்திரப்படுத்திக் கொடுத்தார், அதற்கு நன்றி சொல்ல வேண்டுமா? என் தகப்பனாரும் அங்கே குடித்தவர்தான்.”

ஒரு வாரமாக இதற்கு என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். உங்கள் கோபத்தில் ஒரு தவறும் இல்லை. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன், முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

1989-இல் அம்மா போய், “என் வீட்டுக்காரருக்கு இனிமே குடுக்காதீங்கக்கா” என்று கேட்டாள். அவர் சரி என்றார், கொடுக்கவில்லை. அப்பா இரண்டு நாள் கெஞ்சினார், மூன்றாம் நாள் கத்தினார். அசையவில்லை. ஒரு வாடிக்கை போனது அவருக்கு. அப்பா அங்கிருந்து சாராயக் கடைக்குப் போக ஆரம்பித்தார். அங்கே சாவி கேட்க ஆள் இல்லை. அந்த ஐப்பசியில் ஒரு ராத்திரி சைக்கிளோடு அரசலாற்றுச் சரிவில் விழுந்து கால் முறிந்து கிடந்தார். தண்ணீர் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. விடிந்துதான் பார்த்தார்கள்.

கால் கூடியதும் அம்மா மறுபடி அந்தக் கடைப் பின்கட்டுக்குப் போனாள். நானும் கூட இருந்தேன், எனக்கு ஒன்பது வயது. “உங்ககிட்டயே குடிக்கட்டும்கா. கண்ணு முன்னாடி இருக்கட்டும்” என்றாள். சைகோன் அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “நான் விக்கறது நல்ல பொருள் இல்ல கண்ணு. எனக்குத் தெரியும்” என்றார். அன்றிலிருந்து அப்பாவுக்கு இரண்டு பெக், ஒரு தட்டுச் சோறு, அவ்வளவுதான். அப்பா பத்து வருடம் கழித்து 1999-இல் போனார். ஈரல்தான். அளவாகக் குடித்தவருக்கும் அது மிஞ்சவில்லை.

இதில் யார்மேல் எவ்வளவு பழி என்று எனக்குக் கணக்குப் போடத் தெரியவில்லை. அவர் தான் விற்றதை நல்லதென்று ஒருநாளும் சொல்லவில்லை. அதனால் வரக்கூடிய கேட்டை, தன் கைக்கு எட்டியவரை, தானே காவல் காத்தார். டாஸ்மாக் 2003-இல் சில்லறை விற்பனையை எடுத்துக்கொண்ட பிறகு நம் டெல்டாவில் எத்தனை ஆயிரம் பேர் கவுன்ட்டரில் கை நீட்டி வாங்கிக்கொண்டு போகிறார்கள். சாவியை வாங்கி மாட்ட அங்கே யார் இருக்கிறார்கள்? இதை நான் ஆதங்கத்தோடு கேட்கிறேன்.

பிப்ரவரி 18

சுனாமியைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லையே என்று காரைக்கால்மேட்டிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். எழுதுவதற்குக் கை வரவில்லை. சுருக்கமாக.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. டப்பாப் பணம் வாங்க அம்மாக்கள் வந்திருந்த நேரம். கடலோரத்துக் காரைக்கால்மேட்டுப் பக்கமிருந்து ஜனங்கள் ஓடிவந்தார்கள். சைகோன் அம்மா ஷட்டரை முழுக்கத் தூக்கிவிட்டார். இருந்த தண்ணீர் பாட்டில், சோடா அத்தனையும் நடுத்தெருவுக்கு வந்தன. கிணறெல்லாம் உப்பாகிவிட்டதால் குடிதண்ணீர்தான் முதல் கஷ்டம். சேறு அப்பிய ஒரு குழந்தையின் முகத்தை அவர் சோடாவை ஊற்றி ஊற்றிக் கழுவியதை நான் பார்த்தேன். பார் மேசைகளைச் சேர்த்துப் போட்டு அடிபட்டவர்களைப் படுக்க வைத்தோம். பதினோரு நாள் கடையில் ஒரு பாட்டில்கூட விற்கவில்லை. இஞ்சி தட்டிப்போட்ட கஞ்சி, காலை மாலை இரண்டு வேளையும். நெத்திலி விற்க வந்துகொண்டிருந்த பெண்களில் ஐந்து பேர் அப்புறம் வரவே இல்லை. அந்த வருட நெத்திலி ஜாடிகளை அவர் திறக்கவில்லை.

பிப்ரவரி 25

கழிப்பறை ஏன் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லாமல் விட்டுவிட்டேன். அது என் அக்காவால் வந்தது.

அக்கா ஒன்பதாவது படிக்கும்போது பள்ளிக்கு வர மாட்டேன் என்று வீட்டில் உட்கார்ந்துவிட்டாள். காரணம் எங்களுக்குத் தெரியாது, பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை என்றே நினைத்தோம். ஒரு மத்தியானம் அவளைப் பின்கட்டில் பார்த்த சைகோன் அம்மா பக்கத்தில் உட்கார்த்தி வைத்துக் கேட்டிருக்கிறார். அந்த மாதிரி நாட்களில் பள்ளியில் ஒதுங்க இடம் இல்லை, காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் போய் வருகிறேன் என்று அவரிடம்தான் சொல்லியிருக்கிறாள், பெற்ற தாயிடம் சொல்லவில்லை. அடுத்த வாரமே அம்மாவை அழைத்துக்கொண்டு பள்ளிக்குப் போனார்.

கட்டி முடிக்க இரண்டு வருடம் ஆனது. அக்கா திரும்பப் பள்ளிக்குப் போகவில்லை, கல்யாணம் ஆகிவிட்டது. அவள் மகள் அங்கே பன்னிரண்டாவது வரை படித்தாள்.

மார்ச் 6

இன்று பள்ளிக்கூடத்தில் அனுமதி வாங்கி அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். முதலில் கேள்வி கேட்ட வாசகியும் வந்திருந்தார். இத்தனை நாள் எழுத்தில் பேசிக்கொண்டவர்கள், நேரில் அதிகம் பேசவில்லை. அவர் கருத்து மாறிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். தன் தகப்பனாரின் ஆணி எது என்று அம்மாவிடம் கேட்டார். குடை, என்றாள் அம்மா, யோசிக்காமல். அவர் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

கல்லில் 1994 என்று இருக்கிறது. அம்மா சொன்னதுதான் சரி. புதிதாகச் சுண்ணாம்பு அடித்ததில் ‘விரும்பி’ பாதி மறைந்திருந்தது. அம்மா முந்தானையால் துடைத்தாள்.

அந்த அம்மா 2016-இல் போனார். பலகை எங்கே என்று கேட்டவர்களுக்கு: கடை கைமாறியபோது பையன் அதைப் பாரிஸுக்கு எடுத்துப் போய்விட்டார். படம் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

கிளம்பும்போது அம்மா திரும்ப உள்ளே போனாள். என்னவென்று பின்னால் போய்ப் பார்த்தேன். குழாய் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கில் மூன்றில் தண்ணீர் வந்தது. நான்காவதுக்கு வாசர் போயிருக்கிறது. நாளைக்குக் காலையில் ஆள் கூட்டிப்போய் மாற்றிவிடுகிறேன்.